தலைவர் வரும் காட்சிகள்

கணினித் திரையில் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு படக் கட்டத்தில் மட்டுமல்ல, எல்லாக் கட்டங்களிலும். நீலச் சட்டையில் தூங்கினார், சாம்பல் கோட்டில் தூங்கினார். மீசை வைத்திருந்த காலத்திலும் தூங்கினார், மழித்துவிட்ட பிறகும் தூங்கினார்.

"இன்னும் கீழ போகணுமா சார்?" என்று கேட்டாள் புரோகிராமர் பெண்.

"போங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

போனாள். அங்கே, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூங்கினார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் 'தேடல் சார்' என்றால்தான் அவரைத் தெரியும். சொல்லைக் கொடுத்துத் தேடுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அவருடைய மென்பொருளுக்குச் சொல் வேண்டாம். ஒரு படத்தைக் காட்டினால் போதும். மலைபோல் குவிந்த புகைப்படங்களிலும் வீடியோக்களிலும் அதைப் போன்றவற்றையெல்லாம் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடும். இதை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அவர் விரிவாக விளக்கி வந்தார். மிக விரிவாக.

திட்டத்தின் காலம் முடியப்போகிறது. நீட்டிப்புக்கான ஃபைலில் நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அடுத்து வருகிறவருக்குப் படம் என்றால் சுவரில் மாட்டுவது என்பதற்கு மேல் அபிப்பிராயம் கிடையாது என்று கேள்வி.

தலைவர்தான் ஒரு வழி சொல்லியிருந்தார். "எல்லா மீட்டிங்கையும் வீடியோ எடுத்து வெச்சிருக்கோமே, அதுல நான் வர்ற காட்சியெல்லாம் உங்க மென்பொருளே தேடி எடுக்கட்டும். என் பிரிவு விழாவுல போட்டுக் காட்டுங்க. என் வீட்டம்மாவும் வர்றா. பார்த்துட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அந்தத் தேடலின் பலன்தான் இப்போது திரையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் படத்தைக் காட்டித் தேடச் சொன்னீங்க?" என்றார் தேடல் சார்.

"நீங்க குடுத்ததுதான் சார். போன மாசம் நீங்க பேசினப்ப எடுத்தது."

அவள் அதைப் பெரிதாக்கினாள். தலைவர் குனிந்த தலையோடு இருந்தார்.

"இதுல தூங்கலையே. ஆழ்ந்து யோசிக்கிறார்."

"வாய் திறந்திருக்கு சார்."

"சிலருக்கு யோசிக்கும்போது திறக்கும்."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து நிறைய நேரம் குடித்தாள்.

மென்பொருள் தவறு செய்தால் திருத்துவதற்கு 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. எது தவறு என்று சொல்லச் சொல்ல அது கற்றுக்கொள்ளும். தேடல் சார் தூங்கும் காட்சிகளுக்கெல்லாம் பொறுமையாகத் 'தவறு' போட்டார். மென்பொருளும் பொறுமையாகக் கற்றுக்கொண்டது. தலைவரே தவறு என்று முடிவு கட்டி, அடுத்த முறை காலி நாற்காலிகளை மட்டும் கொண்டுவந்து கொட்டியது.

"விழாவுக்குப் பொருத்தமாத்தான் சார் இருக்கு. அவர்தான் போறாரே" என்றாள் அவள்.

"விளையாடாதீங்க. கண் திறந்த படம் ஒண்ணு குடுப்போம்."

நிறுவன மலரில் தலைவர் விழித்துக்கொண்டிருந்தார். அதைக் காட்டினார்கள். மென்பொருள், கூட்ட அறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய தலைவர்களின் படங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தது. அந்த அறையில் கண் கொட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

தலைவரின் கட்டம் போட்ட டையைக் காட்டினார்கள். திரைச்சீலை வந்தது.

"அசைவை வெச்சுத் தேடுவோம். தூங்கறவர் அசைய மாட்டாரில்ல?" என்றார் தேடல் சார்.

அசைவு கிடைத்தது. ஒரு காட்சியில் தலைவர் ஈ விரட்டினார். மற்றவற்றில் தலை மெல்லக் கீழே போய், விசுக்கென்று மேலே வந்து, மறுபடி கீழே போனது.

தேடல் சாரின் முகம் மலர்ந்தது. "பாருங்க, தலையாட்டறார்! எல்லாத்தையும் ஆமோதிக்கிறார்!"

"சார்..."

"கீழ போறப்ப ஆரம்பிச்சு மேல வந்ததும் வெட்டிடுங்க. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு ஆட்டல். மேல நல்ல மியூசிக் போட்டுடுங்க."

அவள் வெட்டினாள், இசை சேர்த்தாள். நிறுவனத்தில் யார் என்ன சொன்னாலும் மனமார ஒப்புக்கொண்ட ஒரு பெருந்தன்மையாளரின் வாழ்க்கை வரலாறு தயாரானது. இவ்வளவு வேலையிலும் ஒலிபெருக்கியை அவர்கள் போடவே இல்லை. படம்தான் அவர்கள் தொழில். சத்தம் பக்கத்து அறைக்காரர்களின் ஆராய்ச்சி.

வெள்ளிக்கிழமை விழா தொடங்குவதற்குச் சற்று முன், படத்தின் கடைசியில் தலைவரின் உதட்டோரம் ஏதோ பளபளப்பதைத் தேடல் சார் பார்த்துவிட்டார். உமிழ்நீர். புரோகிராமர் பெண் பூங்கொத்து வாங்கப் போயிருந்தாள். அந்தத் துண்டை மட்டும் நீக்கிவிடலாம் என்று அவரே உட்கார்ந்து, நீக்கி, 'சேமி'யை அழுத்தினார்.

மென்பொருள் கடமை உணர்ச்சி மிக்கது. மிச்சமிருந்த காட்சிகளை மூலத்திலிருந்து புதிதாக எடுத்து, முழு நீளத்துக்கு, அசல் ஒலியோடு சேமித்து வைத்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைவர், வழக்கம்போல் சிவந்த கண்களோடு இருந்தார். ராத்திரியெல்லாம் வீட்டில் விழித்து வேலை பார்க்கிறார் என்று அலுவலகத்தில் அதற்கு விளக்கம் உண்டு. பக்கத்தில் அவர் மனைவி. ஓரத்தில் தேடல் சார், மடியில் ஃபைல்.

விளக்கு அணைந்தது. திரையில் தலைவரின் தலை கீழே போனது. மேலே வரவில்லை.

இசையும் வரவில்லை. கூட்ட அறைக் காமிரா மேசையைப் பார்த்திருக்கும். பேசுகிறவர் காமிராவுக்குப் பின்னால் நிற்பார், படத்தில் விழமாட்டார். அங்கிருந்து ஏற்ற இறக்கமில்லாத குரல் ஒன்று நிறம், வடிவம், விளிம்பு என்று சொல்லிக்கொண்டே போனது. காட்சி மாறியது. சட்டை மாறியது. தூக்கமும் குரலும் மாறவில்லை.

தேடல் சாருக்குக் குரலெல்லாம் காதில் விழவில்லை. கண் மட்டும் திரையில் ஒட்டியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். அடுத்தவர் இருமாமலே சிரித்தார்.

"என்ன சார் பண்ணினீங்க?" என்று பூங்கொத்துக்குப் பின்னாலிருந்து கேட்டாள் புரோகிராமர் பெண்.

"சேமிச்சேன்."

பயந்து பயந்து தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். அவமானம்! ஃபைல் போயிற்று, திட்டம் போயிற்று. புரோகிராமர் பெண்ணுக்கு வேறு வேலை தேட வேண்டும். தனக்கும்தான்.

தலைவரின் மனைவி கணவரை ஒருமுறை பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கணவரைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, இருட்டில் வழி கேட்டுக்கொண்டு நேராகத் தேடல் சாரிடம் வந்தார்.

"அம்மா, மன்னிச்சுடுங்க, இப்பவே நிறுத்தச் சொல்லிடறேன்" என்று எழப்போனவரைத் தோளில் கை வைத்து உட்காரவைத்தார்.

"ஐயோ, நிறுத்திடாதீங்க தம்பி! அவர் கையெழுத்துப் போட வேண்டியது இந்த ஃபைல்தானே? குடுங்க. முழிச்சதும் நானே வாங்கித் தர்றேன்."

தேடல் சார் இரண்டு கைகளாலும் ஃபைலை நீட்டினார். "எங்க மென்பொருள் உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சாம்மா?"

"படம் தேடறதெல்லாம் எனக்கு எதுக்குப்பா? ராத்திரியானா கண்ணே மூடாத மனுஷன், பார்க்காத டாக்டர் இல்ல. பின்னாடி பேசறது உங்க குரல்தானே? அதை மட்டும் எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்துடுங்க."