மூளைக்குள் ஓடும் லோஞ்ச் பற்றிய முறைப்பாடு

திருகோணமலை,
புதன்கிழமை.

அன்பு மருமகள் கீர்த்தனிக்கு,

மாமா சிவகுரு எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீரும் மட்டக்களப்பில் உம்முடைய மருந்துக்கடையும் நலமென்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் தனியாக எழுதவும். இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

கடந்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, சுவரைப் பார்த்துப் போட்டிருந்த என் கதிரையை யன்னல் பக்கம் திருப்புவது என்று தீர்மானித்து, வெளியார் உதவி எதுவுமின்றி அன்றே நிறைவேற்றினேன். உம்முடைய மாமி பூரணம் சாட்சி. குசினியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இதற்கு டொக்டர் தந்த குளிசைதான் காரணம் என்று நீர் சொல்லக்கூடாது. எதிர்வீட்டார் தங்கள் முச்சக்கரவண்டியை வாய்க்காலுக்கு மேல் நிறுத்துகிறார்கள்; அதைக் கண்காணிக்க வேறு இடம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஐந்து மாதம் நான் படுக்கையும் சுவருமாக இருந்ததும், பல் தீட்டுவதற்குக்கூட ஒருவர் சொல்லவேண்டியிருந்ததும் உமக்குத் தெரியும். கிளினிக் டொக்டர் செர்ட்ரலீன் குளிசை தந்து இன்றோடு ஏழு கிழமை, அதாவது நாற்பத்தொன்பது நாள். அட்டையில் இன்னும் மூன்று கிடக்கிறது. அதோடு நிறுத்திவிடப் போகிறேன். நீர்தான் சம்மதிக்கவேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் உம்முடைய சொல்தான் எடுபடுகிறது.

நிறுத்துவதற்குக் காரணம் நீர் தந்த விளக்கம். முப்பத்தொரு வருடம் மூதூருக்குக் கடல் கடக்கும் லோஞ்சுக்கு டிக்கட் கிழித்தவனுக்கு விளங்கட்டும் என்று தொலைபேசியில் நீர் சொன்னதை அப்படியே தருகிறேன்; பிழையிருந்தால் திருத்தவும். ஒரு நரம்புக் கலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சின்னக் கடல். இக்கரையிலிருந்து செரட்டோனின் என்ற மூலக்கூறுகள் புறப்பட்டு, அக்கரையில் வாங்கி எனப்படும் புரதத்திடம் செய்தியைச் சொல்கின்றன. சொல்லிவிட்டு மூச்சு விட முதல், இக்கரையைச் சேர்ந்த வேறொரு புரதம் அவற்றைப் பிடித்துத் திருப்பி ஏற்றிவிடுகிறது. அடுத்த நடைக்கு உதவுமாம். குளிசை போய் அந்தப் புரதத்தின் கதிரையில் குந்திவிடுவதால் ஏற்றுவதற்கு ஆளில்லை. செரட்டோனின் அங்கேயே நின்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. இவ்வளவும் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடுமாம். பிறகென்னத்துக்கு நான் ஆறு கிழமை காத்திருப்பது என்று கேட்டேன். இக்கரையில் இன்னொரு வாங்கி இருக்கிறதாம், கூட்டத்தைக் கண்டதும் “காணும், லோஞ்சைக் குறையுங்கோ” என்று உத்தரவு போடுமாம், அது கத்திக் கத்திக் களைப்பதற்குத்தான் இத்தனை கிழமையாம். அதன் பிறகு நரம்புகள் புதுக்கிளை விடுவதால்தான் சுகம் வருகிறது என்று சிலர் சொல்ல, வேறு சிலர் வேறு சொல்கிறார்களாம். சரி, செரட்டோனின் குறைந்ததுதான் வருத்தத்துக்குக் காரணமா என்றால் அதுவும் நிச்சயமில்லையாம். முதல் சில மணித்தியாலத்துக்கு எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், அடுத்த ஆறு கிழமைக்கு ஆளுக்கொரு கதை. இப்படி ஒரு சேவையை நாங்கள் நடத்தியிருந்தால் மூதூர்ச் சனம் இறங்குதுறையையே உடைத்திருக்கும்.

நீர் இதைச் சொன்னபோது உம்முடைய மாமி தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். மறுநாள் சல்லியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம், “இவற்ற மூளைக்குள்ள லோஞ்சால ஆக்கள் இறங்கின உடன திரும்பிப் போகினமாம், அதை மறிக்கத்தான் குளிசை” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சூரை வெட்டுவதை நிறுத்திவிட்டு, “அப்ப வாடைக்காத்தில கடல் கொந்தளிக்கேக்கையும் லோஞ்ச் ஓடுமோ அக்கா?” என்று கேட்டாராம். பதினொரு மணிக்கு ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். பன்னிரண்டுக்கு ஜெமீல் வந்து நிற்கிறான். நான் டிக்கட் கிழித்த காலத்தில் லோஞ்சை ஓட்டியவன்.

“என்ன மச்சான், மண்டைக்குள்ள லோஞ்ச் ஓடுதாமே? டிக்கட் ஆரு கிழிக்கிற?”

விளக்கினேன். இத்தனை வருடத்தில் ஒரு பயணியையாவது இறங்கிய கையோடு திருப்பி ஏற்றியிருப்பேனா என்றும் கேட்டேன்.

“ஏன், மூதூர்ல இறங்கின கலியாண மாப்பிள்ளைய, டிக்கட் நனைஞ்சிட்டெண்டு மாலையோட திருப்பி ஏத்தினாயே! பொண்ணூட்டாக்கள் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கிட்டு நிண்டாங்க. அந்தப் புரதம் வேற ஆருமில்ல மச்சான், நீதான்!”

பூரணம் அகப்பையும் கையுமாக நின்று சிரித்தாள். நான் சும்மா விடேல்லை, பிள்ளை. டிக்கட் எண்டால் இலக்கம் தெரியவேணும், அது விதி எண்டன். மாப்பிள்ளைக்கு என்ன விதி எண்டு அவன் கேட்டான். பன்னிரண்டுக்குத் தொடங்கின கதை அஞ்சு மணிக்கும் முடியேல்லை, நடுவில புட்டும் சூரைக்கறியும் முடிஞ்சுது, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, மற்ற நாளும் வந்திட்டான், அதற்கு மற்ற நாளும் வந்திட்டான். ஒரு நோயாளியை இப்படிப் படுத்தலாமா? ஐந்து மாதம் ஒருவரோடும் பேசாமல் கிடந்தேன். இப்போது ஒவ்வொரு நாளும் சண்டை. வாய்க்கால் விஷயமாக நகரசபைக்கு இரண்டு கடிதம் எழுதியாயிற்று, பதில் இல்லை. எரிச்சலில் பசி வேறு எடுக்கிறது. மகிழ்ச்சி என்று நீர் சொன்ன சாமான் மட்டும் இதுவரை வந்து இறங்கவில்லை.

“திடீரெண்டு நிப்பாட்டப்படாது மாமா, டொக்டரைக் கேட்டுத்தான்” என்பீர். தெரியும். ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை எழுத்தில் வைத்திருக்கிறேன். வெருகல் முருகன் எல்லா விஷயத்திலும் உமக்கும் உம்முடைய வீட்டுக்காரருக்கும் துணை நிற்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு.

இப்படிக்கு,
மாமா சிவகுரு

பி.கு.: முத்திரை வாங்கப் போன வழியில் கிளினிக் திறந்திருந்தது. என்ன முறைப்பாடு என்று டொக்டர் கேட்டார். இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் கதிரை, சண்டை, பசி என்று மூன்றைக் குறித்துக்கொண்டு, இன்னும் இரண்டு மாதத்துக்கு எழுதித் தந்தார். குளிசைகளை வாங்கி வந்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.