நடுக்கள வீரரும் நாலு வீட்டுச் சாப்பாடும்

வாயால் வாழ்கிறவனிடம் அடுத்தவரின் வயிற்றை ஒப்படைக்கக் கூடாது. இந்தப் பேருண்மையைத் தீவுப்பகுதி முழுவதற்கும் நிரூபித்துக் காட்டியவன் நான்தான்.

புங்குடுதீவில் இருந்துகொண்டு கவிதை போல உரைநடை எழுதுகிறேன் (உரைநடை போலக் கவிதை எழுதுகிறேன் என்பவர்களும் உண்டு, அவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்). ஊரில் விளையாட்டுப் போட்டி நடந்தால் ஒலிவாங்கி என் கைக்கு வந்துவிடும். வந்ததும் எனக்குள் சோளகக் காற்று கிளம்பிவிடும். அதன் பிறகு மைதானத்தில் நடப்பதற்கும் நான் சொல்வதற்கும் பெரிய தொடர்பு இருக்காது.

சென்ற ஆண்டு ஆனி மாதம் என் அண்ணன் மகள் தனுஜா இங்கிலாந்திலிருந்து கணவரோடு வந்து இறங்கினாள். கணவர் பெயர் ஒலிவர். வெள்ளைக்காரர். தொழில், உதைபந்தாட்டம். விளையாடிச் சம்பளம் வாங்குகிற மருமகன்! செய்தி பாலத்தால் வேலணைக்கு ஓடியது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் போனது. அடுத்த நாள் காலையிலேயே எங்கள் ஊர் விளையாட்டுக் கழகச் செயலாளர் குணம் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"ஆள் இதுவரைக்கும் எத்தினை கோல் அடிச்சவர்?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். ஒலிவர் சிவந்துபோய் நான்கு விரல்களைக் காட்டினார்.

"இந்த வருசம் மட்டுமோ?"

"இல்லை அண்ணை. விளையாடத் தொடங்கின நாளிலையிருந்து."

குணம் அண்ணையின் முகம் அமாவாசையானது. "கோல் அடியாத ஆளுக்கு என்னத்துக்கு ஐசே சம்பளம் குடுக்கிறாங்கள்?"

ஒலிவர் நடுக்கள வீரர். தொலைக்காட்சியில் வருகிற பெரிய கழகங்களில் அவர் இருந்ததில்லை. சிறு நகரங்களின் சிறு கழகங்கள்தான். மழை, சேறு, குளிரில் கைகட்டி நிற்கும் கொஞ்சப் பார்வையாளர்கள், ஒரு முழங்கால் அறுவைச் சிகிச்சை. "உம்முடைய வேலைதான் என்ன?" என்று கேட்டேன். பந்து வருமுன்பே அது போகவேண்டிய இடத்தைப் பார்த்து வைப்பாராம். கேட்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவன் கேட்கக்கூடிய இடத்துக்கு ஓடுவாராம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கரையுமில்லை, அலையுமில்லை. இரண்டுக்கும் நடுவே ஓயாமல் போய்வரும் நீரோட்டம்! இதை நான் சொன்னபோது குணம் அண்ணை, "அப்ப கோல் அடிக்கமாட்டார் எண்டுறீர்" என்றார்.

ஆனாலும் அவருக்கு ஆசை விடவில்லை. சனிக்கிழமை அனலைதீவு அணியோடு இறுதிப் போட்டி. கடல் தாண்டி வருவார்கள், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போவார்கள். வருடா வருடம் இதுவே வழக்கம். "கடைசிப் பத்து நிமிசமாவது இறக்கிவிடுங்கோ" என்று கெஞ்சினார்.

தனுஜா மறுத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. ஒலிவரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது. திரும்பிப் போனதும் புதிய கழகம் ஒன்று அவரைச் சில நாள் பயிற்சியில் வைத்துப் பார்த்து முடிவு சொல்லப்போகிறது. அது சரிவராவிட்டால் அவருடைய ஆட்டம் அதோடு சரி.

"பிள்ளை, நான் பொறுப்பு" என்றேன். ஏன் சொன்னேன்? சனிக்கிழமைக்கான வர்ணனை அதற்குள் என் மனதில் பாதி எழுதப்பட்டிருந்தது. அது வீணாகலாமா?

"சித்தப்பா, அவரின்ரை முழங்காலுக்கு ஏதும் நடந்துதெண்டா எங்கடை சீவியமே போச்சு. உங்களை நம்பித்தான் விடுறன்."

சனி காலை தனுஜா நயினாதீவுக் கோயிலுக்குப் படகேறினாள். நானும் ஒலிவரும் மைதானத்துக்கு நடந்தோம். அவருக்கு முன்னால் போய் வழியிலிருந்த கல்லையெல்லாம் காலால் தள்ளிவிட்டேன். குறுக்கே வந்த ஆட்டுக்கடாவை அதட்டி விரட்டினேன். ராசாவின் முழங்காலுக்குக்கூட அப்படியொரு காவல் இருந்திருக்காது. வழியில் தமிழும் கற்பித்தேன். சம்மதம் சொல்ல, நாக்குச் சுளுக்காத ஒரே ஒரு சொல். "ஓம்."

முதல் வீட்டு வாசற் படலையில் பாக்கியம் மச்சாள் நின்றாள்.

"விளையாடப்போற பிள்ளை வெறும் வயித்தோடையோ போறது? உமக்கு அறிவில்லையே?"

புட்டும் இறால் குழம்பும். சாப்பிட்டு முடித்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?" என்றாள் மச்சாள்.

"ஓம்" என்றார் ஒலிவர்.

மச்சாளின் கண் நிறைந்தது. சாப்பாட்டுக் கோப்பையும் நிறைந்தது.

வெளியே வந்தால் எதிர்வீட்டுச் சின்னத்துரை அண்ணை வேலியோடு நிற்கிறார். இந்த இரண்டு வீட்டுக்கும் இடையே ஒழுங்கையில் நிற்கிற பூவரச மரம் யாருடையது என்று நெடுநாள் வழக்கு. "அந்த வீட்டிலை கை நனைச்ச மருமகன், இந்த வீட்டிலை நனைக்காமல் போறாரோ? அப்ப நீரும் அவையின்ரை பக்கம்தான்?"

எங்கள் ஊரில் ஓர் உறவு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த உறவு வீட்டைத் தாண்டிப் போனால், அந்த மனத்தாங்கல் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தொடரும். உள்ளே போனோம். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. "காணுமோ தம்பி, இன்னும் போடட்டோ?" "ஓம்."

மூன்றாவது வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சி, நண்டுக்கால் மிதக்கும் ஒடியற்கூழ். ஒலிவர் பிலாவிலையில் ஏந்திக் குடித்த அழகைப் பார்க்க அக்கம்பக்கம் கூடிவிட்டது. நான்காவது வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்பதை நானே மறந்துவிட்டேன் (நானும் சாப்பிட்டுக்கொண்டுதானே வந்தேன்). கேட்கிறவனுக்கு இல்லையென்னாமல் கொடுத்தே பழகியவர் ஒலிவர். கொடுத்ததை மறுக்க அவருக்குத் தெரியவில்லை. நானோ ஒவ்வொரு படலையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

"முழங்கால் எப்படி?"

முழங்கால் நன்றாக இருந்தது. அதற்கு மேலே நடந்துகொண்டிருந்ததை நான் விசாரிக்கவேயில்லை.

பின்னேரம் மைதானம் பொங்கி வழிந்தது. புழுதி, விசில், ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு. இரண்டு அணிக்கும் கோல் இல்லை. கடைசிப் பத்து நிமிடம். ஒலிவர் எழுந்தார். அனலைதீவுப் பயிற்சியாளர் தன் தடுப்பாட்டக்காரர் இருவரைக் கூப்பிட்டுக் கத்தியது எனக்கே கேட்டது. "பந்தை விடுங்கோடா! ஆள் எங்கை போனாலும் பின்னாலை போங்கோ!"

நான் ஒலிவாங்கியை உதட்டோடு சேர்த்தேன். "இதோ... இங்கிலாந்து மண்ணின் மைந்தர், எங்கள் மண்ணின் மருமகன்!"

மருமகன் நடுக்களத்தில் போய் நின்றார். நின்றார். நின்றுகொண்டேயிருந்தார். பந்து அவரைத் தாண்டி இரண்டு முறை போனது. இடுப்பில் கைவைத்துக் குனிந்தார்.

"பாருங்கள், ஓடாமலே எதிரணியைத் திணறடிக்கிறார்! மண்ணோடு ஏதோ ரகசியம் பேசுகிறார்!"

குணம் அண்ணை கோட்டோரமாக நின்று, "தம்பி, ஓடும்! ஓடும்!" என்று கத்தினார்.

ஒலிவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் தெரிந்ததை நான் வெற்றி வெறி என்று நினைத்தேன். அடுத்த கணம் ஓடினார் பாருங்கள்! அப்படி ஓர் ஓட்டத்தை இந்தத் தீவு கண்டதில்லை.

"இதோ பறக்கிறார்! புயலாகப் பறக்கிறார்! ஒருவரை வெட்டினார், இன்னொருவரையும் வெட்டினார், எல்லைக்கோட்டையே நெருங்கிவிட்டார்... கோட்டையும் தாண்டிவிட்டார்... வேலியையும்..."

ஒலிவர் வேலியைப் பாய்ந்து, அடுத்த வளவிலிருந்த கழிப்பறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். சொல்லைத் தட்டாத அனலைதீவுப் பெடியள் இருவரும் அவரை விடாமல் பின்னாலேயே வேலி பாய்ந்தார்கள். எதிரணியின் நடு ஓட்டையாய்த் திறந்து கிடந்தது. எங்கள் பெடியன் ஒருவன் பந்தோடு அதற்குள்ளால் நடந்தே போனான். தட்டினான்.

கோல்!

சனம் மைதானத்துக்குள் கொட்டியது. நான் அழுதேன், ஒலிவாங்கியோடு. கிண்ணம் ஊரில் தங்கியது. ஆனால் கிண்ணத்தை வாங்கவேண்டியவர் வெளியே வரவில்லை. காவலுக்கு வந்த இருவரும் கதவடியில் மரியாதையாக நின்றார்கள்.

தனுஜா படகால் இறங்கி வந்தபோது ஒலிவர் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். நிறம் ஏற்கெனவே வெள்ளை, இப்போது அதுவும் போயிருந்தது.

"முழங்காலுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்றுவரை எனக்கு உவமை கிடைக்கவில்லை.

மீதி விடுமுறை கஞ்சியிலும் மல்லித் தண்ணீரிலும் கழிந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்காமல்தான் மருமகன் விமானமேறினார். தனுஜா என்னோடு பேசவில்லை. நான் ஒரு வரி எழுதவில்லை. ஒரு மனிதரின் பதினொரு வருட மழையையும் சேற்றையும் நாலு வீட்டுக் குசினியில் கரைத்துவிட்டேனே என்று கடற்கரையில் அலைந்தேன். கைபேசி அடித்தாலே நெஞ்சு அடித்தது.

கடைசியில் அழைப்பு வந்தது.

"சித்தப்பா, எடுத்திட்டாங்கள். ஒரு வருச ஒப்பந்தம்."

"உண்மையோ பிள்ளை?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"பந்தில்லாமல் ஓடி எதிராளியளை இழுத்துக்கொண்டு போறதுதான் இவரின்ரை பெரிய பலமாம். 'இதை எங்கை பழகினனீர்' எண்டு பயிற்சியாளர் கேட்டவராம்." அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மருமகன் தப்பிவிட்டார். தப்பாதவன் நான்தான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் கைபேசி அடிக்க, பந்தியிலிருந்து அவசரமாக எழும்பினேன். சத்தியமாக அழைப்புத்தான். குணம் அண்ணை கையிலிருந்த அப்பளத்தை ஒலிவாங்கி போல வாய்க்கு நேரே பிடித்து, "இதோ பறக்கிறார்!" என்று தொடங்கினார். பந்தியே எழுந்து கைதட்டியது. மாப்பிள்ளைத் தோழர்கள் இருவர் சாப்பாட்டை விட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார்கள். படலை வரை வந்தார்கள். நான் பேசி முடிக்கும் வரை இரண்டு பக்கமும் நின்றார்கள், ஆளை விடக்கூடாதாம்.