காளான் புத்தகத்துக்கு இரண்டாம் பிரதி வாங்கிய கொடுமை குறித்து

தும்மல், இருமல், கிசுகிசு ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் அடக்கியாளும் கல்லூரி நூலகர் அவர்களுக்கு, அதாவது என் அக்காள் மகளுக்கு, வேதியியல் துறையைத் தன் ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று வாசிப்பறையில் நான் நாற்காலியை நகர்த்தியதற்கு நீ நிமிர்ந்து பார்த்ததிலேயே உன் உடல்நலம் விளங்கிவிட்டது.

நேரில் சொல்லக் கூடாதா என்பாய். கவுண்டரில் நீ என்னை "சார்" என்கிறாய், வீட்டுக்கு வந்தால் "மாமா, ஆபீஸ் பேச்சு வேண்டாமே" என்கிறாய். நடுவில் இருக்கும் தெருவில் நின்று புலம்ப எனக்கு வயதில்லை. ஆகவே கடிதம். முதலில், வாசலில் நீ ஒட்டியிருக்கும் புதிய இரவல் விதிகளை வணங்குகிறேன். நின்று படித்து முடிப்பதற்குள் முழங்கால் போய்விட்டது. ஆசிரியர்கள் ஒரு செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம், அலுவலகத்தார் ஒரு மாதம், வேறு யாரும் கேட்காதவரை புதுப்பித்துக்கொண்டே போகலாம், கேட்டுவிட்டால் ஒரு வாரத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், ஈரக் குடையோடு அலமாரிப் பக்கம் போகக் கூடாது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது, ஓய்வு பெற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து படிக்கலாமே தவிர எடுத்துப் போகவும் கூடாது, பிறர் எடுத்துப் போனதைக் கேட்கவும் கூடாது. மனித குலம் புத்தகத்துக்குச் செய்யக்கூடிய பாவம் அத்தனையையும் யோசித்திருக்கிறாய். நீ செய்யப்போகும் பாவத்தை மட்டும் யோசிக்கவில்லை.

காளான்களைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகம் என்னிடம் வந்து சேர்ந்தபோது நீ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாய். வேதியியல்காரனுக்கும் காளானுக்கும் என்ன உறவு என்றால், தலையணை உறவு. ஆய்வகத்துக்குப் பின்னறையில் இருக்கும் மர பெஞ்சில் மத்தியானம் சற்றே தலை சாய்க்க அந்த உயரம் எந்த வேதியியல் புத்தகத்துக்கும் வாய்க்கவில்லை. யாருக்கும் தெரியாத இந்த ஏற்பாடு சுகமாக நடந்துகொண்டிருக்கையில், தாவரவியல் பேராசிரியர், உட்கார்ந்தால் பெயர்த்தெடுக்க முடியாது என்பதால் ஆணிவேர் என்று கல்லூரியே அழைக்கும் அந்த மகானுபாவர், புத்தகத்தைக் கேட்டு விண்ணப்பம் போட்டார். என் தலைக்கடியிலிருந்து ஒரு சாம்ராஜ்யமே உருவப்பட்டது. கொண்டுபோய் வைத்தால், கவுண்டரிலேயே நிற்கிறார். "என்னய்யா, வேதியியல்ல காளான் பாடமும் சேத்துட்டாங்களா?" என்று கேட்டார். விடுவேனா? நின்ற இடத்திலேயே அதே புத்தகத்தைக் கேட்டு நானும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்து வைத்தார், வைத்த கையோடு இன்னொரு விண்ணப்பம் போட்டார். அன்று தொடங்கிய போர். இதற்குள் உலகத்தில் பல அரசுகள் கவிழ்ந்துவிட்டன, எங்கள் இருவரில் ஒருவரும் கவிழவில்லை. அந்தப் புத்தகம் இரண்டு துறைகளுக்கும் இடையே நடந்த தூரத்துக்கு நிலாவுக்குப் போய்த் திரும்பி, அங்கே மறந்துவைத்த குடையை எடுக்க மறுபடியும் ஒரு நடை போயிருக்கலாம்.

அவர் திருப்பித் தரும்போதெல்லாம் உள்ளே ஓர் இலை இருக்கும்; முடிந்தால் பேரைக் கண்டுபிடி என்று அர்த்தம். நான் தரும்போது சிவந்த லிட்மஸ் தாள் இருக்கும். உன் பேச்சைச் சோதித்ததில் அமிலத்துக்குரிய இந்த நிறம்தான் வந்தது என்று அர்த்தம். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டதே என்று கேண்டீனில் ஆளுக்கொரு டீ. அவர் என் துறையைத் திட்டுவார், நான் அவர் துறையைத் திட்டுவேன். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் மனுஷர் விண்ணப்பம் போடத் தவறவில்லை. அப்போது மட்டும் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் திட்டவில்லை. அதெல்லாம் உன் கணினியில் ஏறாது, விடு.

நீ வந்தாய், கணினியைத் தட்டினாய், கல்லூரியிலேயே அதிகம் கேட்கப்படும் புத்தகம் எது என்று பார்த்தாய். முதல்வரிடம் ஓடிப்போய், நம் ஆசிரியர்களிடையே காளான் ஆர்வம் கொழுந்துவிட்டு எரிகிறது என்று சொன்னாயாம். அவர் கண் கலங்கி, கருத்தரங்கம் நடத்தலாமா என்றாராம். நல்லவேளை, அது நடக்கவில்லை; அந்த மட்டில் தப்பித்தோம். இரண்டாம் பிரதி வாங்கிவிட்டாய். பழையது அவருக்கு, புதியது எனக்கு என்று நீட்டி, "இனிமே ரெண்டு பேரும் அலைய வேண்டாம் சார்" என்று சிரித்தாயே, நீ சிரித்ததே அன்றைக்குத்தான்.

அலையவில்லையம்மா. யாரும் அலையவில்லை. அவர் அவர் கட்டடத்தில், நான் என் கட்டடத்தில். யாரிடமும் கேட்பதற்கு ஒன்றுமில்லை, கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. இலை வருவதில்லை. கேண்டீன்காரர், "என்ன சார், ஆணிவேர் சாரோட சண்டையா?" என்று கேட்கிறார். சண்டை இல்லையப்பா, அதுதான் சங்கடம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? உன் அத்தையோ, "டீ சாப்பிட வாங்கன்னு கூப்பிட வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு நடுவுல ஒரு புத்தகம்?" என்கிறாள். விண்ணப்பம் இல்லாமல் ஒருத்தர் வாசலில் போய் நின்று என்னவென்று சொல்வது? உன்னைப் பார்க்க வந்தேன் என்றா? அந்த ஆள் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்.

இந்தச் செமஸ்டரோடு அவர் ஓய்வு பெறுகிறார். அதன்பின் உன் விதிப்படி அவர் எடுக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. உன் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டலாம், அதுவும் எச்சில் தொடாமல். ஆகவே உத்தரவிடுகிறேன், இல்லை, கெஞ்சுகிறேன்: இரண்டாம் பிரதியை எங்காவது தொலைத்துவிடு, அட்டை கிழிந்ததைப் போடும் அறையில் பூட்டிவை, கருத்தரங்கத்துக்குப் போயிருக்கிறது என்று புளுகு. ஓய்வு பெற்றவர்களும் எடுக்கலாம், கேட்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர். எத்தனையோ வரி எழுதியவளுக்கு இது ஒரு பாரமா?

உன் அலமாரிகளைச் செல் அரிக்காதிருக்கட்டும், உன் கணினி உறையாதிருக்கட்டும், எடுத்தவர்கள் எல்லாம் திருப்பித் தரட்டும், நீ நீடூழி வாழ்க. அக்காளிடம் நான் இளைத்துவிட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தலையணை இழந்த உன் மாமன்.

பி.கு. உறையை எச்சில் தொட்டு ஒட்டப் போகும் நேரத்தில் (உன் விதி உறைகளுக்குச் செல்லாது) உன் கவுண்டர் உதவியாளர் வந்தார். என் கையில் இருக்கும் புதிய பிரதியை ஒரு வாரத்தில் திருப்ப வேண்டுமாம். கேட்டிருப்பவர் ஆணிவேர். பழையதை மடியில் வைத்துக்கொண்டே என்னுடையதையும் கேட்கிறார். இது அக்கிரமம் இல்லையா என்றேன். "ஒருத்தரே ரெண்டு காப்பியும் கேக்கக் கூடாதுன்னு விதியில இல்லையே சார்," என்றார். "புது அட்டையில தலை வெச்சுப் படுத்தா உங்களுக்குக் கழுத்து வலிக்குமாம், அதனாலதான் கேட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

ஆக, இத்தனை காலமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. விதிகள் அற்புதம், இரண்டாம் பிரதி அற்புதம், மூன்றாவதும் வாங்கு. வாரம் எதற்கு, இப்போதே கொண்டுபோகிறேன்; இரண்டையும் கேட்டு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்காகக் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதே. நகரு, கவுண்டரில் அவர் நின்றுகொண்டிருப்பார்.