சனிக்கிழமைச் சலவையும் ஆறாவது ஆல்பமும்

சமையலறை ஜன்னலின் சுருள் தட்டியை மேலே இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, டோர்கெல் அறிவித்தான்:

"இனிமே நம்ம வீட்டுத் துணி எல்லாத்தையும் நான்தான் துவைப்பேன்."

ரொட்டிக்குப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்த பெர்னில்லாவின் கை அப்படியே நின்றது.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ வேற எவளாவது?"

"பெர்னில்லா! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்தலாம். முன்னாடியே ஏதாவது அறிகுறி தெரியும். உன் சாக்ஸ் இப்பவும் சோபாவுக்கு அடியிலதான் கிடக்கு."

"அதையும் சேர்த்தே துவைப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும். காலைல ஏழுலேருந்து பன்னெண்டு வரைக்கும்."

பெர்னில்லா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

டோர்கெலுக்கே ஏமாற்றமாகிவிட்டது. ஆறு காரணங்கள் தயாரித்து வைத்திருந்தான். ஆறும் வீண்.

ஸ்வீடனின் உமெயோ நகரில் டோர்கெலை நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவனாகத்தான் பலருக்கும் தெரியும். ஆனால் ஐரோப்பா முழுவதும் சிதறிக் கிடக்கும் சில நூறு தாடிக்கார ரசிகர்களுக்கு அவன் முர்க்லா. முர்க்லா என்பது காட்டில் முளைக்கும் காளான். இரண்டு தடவை கொதிக்க வைத்து, இரண்டு தடவையும் நீரைக் கொட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும்; இல்லாவிட்டால் விஷம். அந்தப் பெயரில்தான் டோர்கெலும் அவன் நண்பன் சிக்ஸ்டனும் மெட்டல் இசைக் குழு நடத்தினார்கள். டோர்கெல் கிதாரும் அலறலும், சிக்ஸ்டன் டிரம்ஸ். தங்கள் பாட்டும் அந்தக் காளான் மாதிரிதான், முதல் தடவை குமட்டும், மூன்றாம் தடவை ருசிக்கும் என்று இருவரும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

இருபத்து நான்கு வருடம், ஐந்து ஆல்பம். முதல் ஆல்பத்தில் பதினோரு பாட்டு. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் ஒன்றே ஒன்று, ஐம்பத்தெட்டு நிமிடம். நான்காவதில் பாட்டு முடிவதே இல்லை. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். விமர்சகர்கள் அதைத் துணிச்சல் என்றார்கள். டோர்கெலின் மாமியார், "ஊசி மாட்டிக்கிச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

ஐந்தாவதை வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தார்கள். எதிரொலி வராமலிருக்க, பெர்னில்லாவின் குளிர்காலக் கோட்டுகள் அத்தனையையும் சுவரில் ஆணியடித்து மாட்டினான் டோர்கெல். அது ஜனவரி. மைனஸ் இருபத்தைந்து. பெர்னில்லா மழைக்கோட்டோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். அன்று மாலையே சட்டம் பிறந்தது.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள மெட்டல்னா, அது பாத்திரம் மட்டும்தான்."

டோர்கெல் சத்தியம் செய்தான். மூன்று வருடம் காப்பாற்றவும் செய்தான். அப்போதுதான் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆறாவது ஆல்பம் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அத்தோடு முர்க்லாவின் கதை முடிந்துவிடும். ஒத்திகை பார்த்த பழைய மரக்கிடங்கோ இப்போது அடுக்குமாடி வீடாகிவிட்டது. எங்கே போய் அலறுவது?

வீட்டுக்குள்தானே கூடாது என்று சத்தியம்? அடித்தளம் வீடா என்ன?

அடித்தளத்தில் இருந்தது கட்டடத்தின் பொதுச் சலவை அறை. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வாசலில் உள்ள பலகையில் வேண்டிய நேரத்துக்கு நேரே நம் பூட்டைத் தொங்கவிட்டால், அந்த ஐந்து மணி நேரம் அறை நம்முடையது. அரசரே அழுக்குச் சட்டையோடு வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை, டிரம்ஸைத் துண்டு துண்டாகக் கழற்றி, பெரிய நீலப் பைகளில் போட்டு, மேலே தலையணை உறையைப் பரப்பி எடுத்து வந்தான் சிக்ஸ்டன். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டான். மூலையில் துணி பிழியும் பழைய இயந்திரம் ஒன்று நொண்டிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தது.

"டேய் டோர்கெல், இத எண்ணிப் பாருடா. ஏழு தட்டு. அப்புறம் ஒன்பது. அப்புறம் மறுபடி ஏழு."

"அது ரிப்பேர்டா."

"ரிப்பேர் இல்லடா, மேதை! இருபத்து நாலு வருஷமா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

அன்று பன்னிரண்டு மணிக்கு டோர்கெல் மேலே வந்தபோது பாட்டில் எட்டு நிமிடம் தயார். துணியும் காய்ந்திருந்தது. பெர்னில்லா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை, சலவை அறைச் சுவரில் தட்டச்சு செய்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"சனிக்கிழமை துவைப்பவர் கவனத்துக்கு. உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யவும். தவறினால் இங்கே வேறு என்ன நடக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இப்படிக்கு, ஒரு குடியிருப்பாளர்."

டோர்கெல் சீட்டை இரண்டு தடவை படித்தான். சங்கத்துக்குத் தெரிந்தால் பெர்னில்லாவுக்குத் தெரியும். பெர்னில்லாவுக்குத் தெரிந்தால் முர்க்லாவும் போச்சு, சத்தியமும் போச்சு. வடிகட்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான்.

அடுத்த வாரம் அடுத்த சீட்டு: "கம்பளியை முப்பது டிகிரியில் துவைக்கவும். சட்டைகளை இஸ்திரி போடவும்."

அதற்கடுத்த வாரம்: "திரைச்சீலைகளையும் துவைக்கவும், சுருக்கமில்லாமல். மேலும், இரண்டாம் பகுதியில் வரும் அலறல் நான்கு நிமிடம் அதிகம்."

"யாருடா இது?" சிக்ஸ்டன் கொதித்தான். "அலறலைக் குறைக்கச் சொல்ல இவங்க யாரு?"

"ரெண்டாவது மாடி ஹெட்விக்தான். சர்ச்ல முப்பது வருஷம் ஆர்கன் வாசிச்சவங்க. வேற யாருக்கு இப்படிக் காது?"

"அதுக்காக வெட்டணுமா?"

"சும்மா வெட்டித்தான் பாப்போமே."

வெட்டிப் பார்த்தார்கள். போட்டுக் கேட்டார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாட்டு முன்னைவிட நன்றாக இருந்தது.

அது முதல் டோர்கெல் வாரா வாரம் ஹெட்விக்கின் கதவைத் தட்டி, ஏலக்காய் ரொட்டி கொடுத்துவிட்டுக் கண்ணடிக்க ஆரம்பித்தான். ஹெட்விக் ரொட்டியை வாங்கிக்கொண்டு, கண்ணடிப்புக்கு மட்டும் கதவை மூடிக்கொண்டார்.

சீட்டுகள் நிற்கவில்லை. பித்தானைத் தைக்கச் சொன்னது ஒன்று. துண்டுகளை மூன்றாக மடிக்கச் சொன்னது இன்னொன்று. "கடைசியில் எல்லா வாத்தியமும் நின்று, அந்த நொண்டி இயந்திரம் மட்டும் தனியாகச் சுற்றட்டும்" என்றது ஜூன் மாதச் சீட்டு. அதைப் படித்துவிட்டுச் சிக்ஸ்டன் மூக்கைச் சிந்தினான்.

பெர்னில்லா வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் கட்டி வைக்கும் துணி மூட்டை மட்டும் வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போனது. திரைச்சீலைகளே மூன்று பை. வெள்ளை, பூப்போட்டது, நீலக் கரை வைத்தது. இரண்டே பேர் இவ்வளவு அழுக்காக்க முடியுமா என்று டோர்கெலுக்கு ஆச்சரியம்தான். ஆனால் கேட்கவில்லை. ரகசியம் வைத்திருக்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது.

ஆகஸ்டில் ஆல்பம் முடிந்தது. அக்டோபரில் இசைத்தட்டு வந்தது. தாடிக்காரர்கள் கொண்டாடினார்கள். ஒப்பந்தம் பிழைத்தது. நிறுவனம் ஏழாவதும் வேண்டுமென்றது. இனியும் மறைப்பது நியாயமில்லை என்று, ஞாயிற்றுக்கிழமைக் காபி நேரத்தில் தட்டைப் பெர்னில்லாவின் முன் வைத்தான் டோர்கெல்.

"ஒண்ணு சொல்லணும். திட்டாதே. சனிக்கிழமையெல்லாம் நான் துணி மட்டும் துவைக்கல."

பெர்னில்லா உறையைத் திருப்பி, பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்: "நன்றி: பெயர் சொல்லாத குடியிருப்பாளருக்கு."

"அது ரெண்டாவது மாடி ஹெட்விக்."

"ஹெட்விக் சனிக்கிழமையானா காலை ஆறரைக்கே நீச்சல் குளத்துக்குப் போயிடுவாங்க. ஏழு மாசமா நீ ஏன் கண்ணடிக்கிறேன்னு என்கிட்ட வந்து கேட்டாங்க."

டோர்கெலின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"சலவை அறைக் காத்துக் குழாய் நேரா நம்ம குளியலறைக்குத்தான் வருது," என்றாள் பெர்னில்லா. "சனிக்கிழமை காலைல வெந்நீர்த் தொட்டி, கையில காபி, குழாய் வழியா உன் பாட்டு. இந்த வீட்ல நான் இவ்வளவு நிம்மதியா இருந்ததே இல்ல. கடைசிப் பகுதி அழகா வந்திருக்கு, டோர்கெல். நிஜமாவே."

டோர்கெல் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

"ஆனா கட்டடத்துல ஒருத்தர்கூட புகார் பண்ணலையே? சுவர் அவ்வளவு கனமா?"

"சுவரா? மூணாவது மாடில சுவர்க் கடிகாரமே கீழ விழுந்துச்சு. ஒவ்வொரு வீடா போய் நான்தான் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

"சும்மாவா சம்மதிச்சாங்க?"

பெர்னில்லா ஜன்னலின் சுருள் தட்டியைக் கீழே இழுத்துவிட்டாள்.

"நம்ம வீட்லதான் திரைச்சீலையே கிடையாதே, டோர்கெல்."