வருஷத்துக்கு ஒரு பூட்டு

"இன்னியோட முடிஞ்சுது! இனிமே ஒரு பய இந்த கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது!"

டெஸ்மண்ட் பிரேத்வெய்ட் இப்படிச் சபதம் போட்டபோது அவர் உடம்பில் இருந்தது ஓர் அரை டிராயரும் ஓட்டை பனியனும்தான். கையில் பல் தேய்க்கும் பிரஷ். தபால் வேன் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் நாள் காலை. ஏரிக்கரையோரம் தன் சொந்தத் தோட்டத்தில், சொந்தப் பனியனில், நிம்மதியாக நின்று பல் தேய்க்க ஆசைப்பட்டார் மனிதர். நாற்பது வருஷத்து ஆசை. திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினேழு பேர் கவிதைப் புத்தகமும் கையுமாக நிற்கிறார்கள். அதில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? ஏரி மறைக்குது" என்றாள்.

டெஸ்மண்ட் தள்ளி நிற்கவில்லை. நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனார். அங்கே அவர் மனைவி மேவிஸ் ஏழாவது டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மேவிஸ்! என் தோட்டத்துல நின்னுகிட்டு என்னையே தள்ளி நிக்கச் சொல்றா!"

"நிக்க வேண்டியதுதானே? ஏரி அழகா, உன் டிராயர் அழகா?"

"இது யாரு வீட்டு வழி?"

"உன் வீட்டு வழிதான். யாரு இல்லேன்னா?"

"அப்புறம் ஏன் ஊர்ப்பட்ட கூட்டம் வருது?"

"கவிஞர் உக்காந்து அழுத கல்லைப் பாக்க வருது. நீ அழுதாலும் வரும். அழுது பாரேன்."

"அட, அது எங்க தாத்தா மீன் செதில் தேய்ச்ச கல்லு!"

"மெதுவாப் பேசு. அந்தம்மா இப்பதான் அதுக்கு முத்தம் குடுத்துட்டு வந்து டீ கேட்டிருக்காங்க."

எங்கள் ஆல்டர்மியர் கிராமத்தில் இது பழைய வழக்கு. இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு கவிஞர் இங்கே நாலு வருஷம் குடியிருந்தார். அந்த நாலு வருஷத்தில் அவர் உட்கார்ந்த இடம், நின்ற இடம், தும்மிய இடம் எல்லாவற்றையும் ஊரே பங்கு போட்டுக்கொண்டது. பிரேத்வெய்ட் வீட்டுக்கு அழுத கல் வந்தது. ரோட்டிலிருந்து அந்தக் கல்லுக்குப் போக ஒரே வழி, அவர்கள் வீட்டு மர கேட்டைத் திறந்து, தோட்டத்தைக் கடந்து, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து போவதுதான். டெஸ்மண்ட் வேனோடு காலையில் போய் இருட்டினால் வருகிற ஆள். பகலில் தன் வீட்டில் இத்தனை பேர் குடியிருப்பது அவருக்குத் தெரியாது.

"நாளைக்கே சங்கிலி போடப் போறேன்" என்றார்.

மேவிஸ் கெட்டிலைக் கீழே வைத்தாள். "போட்டா நான் யார்கிட்ட பேசுறது?"

"ஏன், நான் இல்லையா?"

"நீயா! முப்பத்தெட்டு வருஷத்துல நீ என்கிட்ட பேசினதையெல்லாம் சேர்த்தா ஒரு தபால் கார்டுல எழுதிடலாம். அதுலயும் பாதி 'டீ எங்கே'. அந்த ஜப்பான்காரப் பொண்ணு இருக்கா பாரு, மூணு வருஷமா வர்றா. அவ மாமியார் பேரு எனக்குத் தெரியும். மாமியாருக்கு எந்த முழங்கால்ல வலின்னும் தெரியும். உன் முழங்கால் எதுன்னு எனக்குத் தெரியாது."

"இடது."

"பாத்தியா, இன்னிக்குத்தான் சொல்றே."

சும்மா சொல்லக் கூடாது, மேவிஸுக்கு அந்த ஜன்னல்தான் உயிர். இஞ்சி கேக்கும் டீயும் ஒரு சாக்கு. அவளுக்கு வேண்டியது பேச்சு. ஆனால் டெஸ்மண்டுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் ஏரியே வற்றினாலும் இறங்கி வர மாட்டார். மறுநாள் கப்பல் கட்டுகிற சங்கிலி ஒன்றை வாங்கிவந்து கேட்டில் சுற்றினார். நடுவில் பலகை: 'தனியார் இடம். அழுவதானால் வெளியே நின்று அழவும்.'

மத்தியானத்துக்குள், அந்தக் கவிஞர் பேரில் ஊரில் நடக்கும் சங்கத்தின் தலைவி மிஸ் ஹடில்ஸ்டன் வந்து நின்றாள். சின்ன வயசில் டெஸ்மண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, பல முறை மூலையில் நிற்க வைத்தவள். எண்பத்தாறு வயசிலும் குடையை நீட்டினால் ஊர் அடங்கும்.

"டெஸ்மண்ட், சங்கிலியைக் கழட்டு."

"முடியாது டீச்சர்."

"ஒரு வழியில ஜனங்க இருபது வருஷம் தடையில்லாம நடந்துட்டா அது பொது வழி. சட்டம் தெரியுமா உனக்கு?"

இந்த இடத்தில்தான் டெஸ்மண்ட் சிரித்தார். எங்கள் ஊரில் அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை.

"தெரியும் டீச்சர். வருஷத்துல ஒரே ஒரு நாள் பூட்டினாக்கூட, அது பொது வழி ஆகாதுன்னும் தெரியும். எங்கப்பா வருஷா வருஷம் புத்தாண்டு அன்னிக்குப் பூட்டினாரு. நானும் பூட்டியிருக்கேன். ஒரு வருஷம் விடல!"

"நீ பூட்டினியா? புத்தாண்டு அன்னிக்கு நீ எழுந்திரிச்சதே கிடையாதே!"

"நான் பூட்டினா என்ன, என் பொண்டாட்டி பூட்டினா என்ன? இருபத்திரண்டு வருஷமா அந்த வேலை மேவிஸோடது. முந்தின ராத்திரி குடிச்சதுல தலை கனத்துக் கிடக்கறப்போ, 'மேவிஸ், கேட்டு?'ன்னு கேப்பேன். 'பூட்டியாச்சு, தூங்கு'ம்பா. ஆபீசரைக் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்!"

ஜன்னலில் மேவிஸ் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

மிஸ் ஹடில்ஸ்டன் மனுப் போட்டாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து, விசாரணை முடிகிறவரை சங்கிலியைக் கழட்டி வைக்கும்படி கடிதம் வந்தது. "கழட்டுறேன். ஜெயிச்சதும் ரெண்டு சங்கிலியாப் போடுறேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் டெஸ்மண்ட். மேவிஸிடம் தினமும் ஒத்திகை. "ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவே?" "உள்ளதைச் சொல்லுவேன்." "அதான் என் பொண்டாட்டி!" என்று முதுகில் தட்டுவார். அந்தக் கோடையில் அவர் அவளிடம் பேசியது முந்தைய முப்பத்தெட்டு வருஷத்தை விட அதிகம். அத்தனையும் கேட்டைப் பற்றித்தான்.

அக்டோபரில் ஊர் ஹாலில் விசாரணை. ராலின்சன் என்று ஒரு ஆபீசர், ஈரக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார். ஹால் நிரம்பி வழிந்தது. டெஸ்மண்ட் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பட்டன் மாட்டாத வயிற்றோடு நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, சுத்தி வளைக்க மாட்டேன். இந்த ஹால்ல இவ்வளவு பேர் இருக்காங்க. புத்தாண்டு அன்னிக்கு என் கேட்டு வழியா உள்ளே போனவன் ஒருத்தன் இருந்தா கையைத் தூக்கட்டும்! நான் இந்தக் கணமே தோத்துட்டேன்னு எழுதிக்குங்க!"

ஒரு கை உயர்ந்தது. பாதிரியார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஹாலில் காடு முளைத்தது. டெஸ்மண்டோடு பப்பில் ஒரே பெஞ்சில் குடிக்கிற ஆட்டுக்கார ஜோ டைசன்கூட, தரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

"ஜோ! துரோகி! நீயுமா?"

"என்ன பண்றது டெஸ்மண்ட்? புத்தாண்டு அன்னிக்கு ஊரே ஏரியில முங்குறது வழக்கமாச்சே. முங்கி எழுந்தா விறைச்சுப்போகுது. நேரா உன் வீட்டு ஜன்னலுக்கு வந்து மேவிஸ் சூப் குடிச்சாத்தான் உசுரு வரும். நீ மாடியில குறட்டை விடுவே. உன்னை எழுப்பிடக் கூடாதுன்னு எல்லாரும் நுனிக்கால்லதான் நடப்போம்."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"ஆமா. பாதிரியார் ஒரு தடவை இருமிட்டாரு. அவரைத் திட்டினோம்."

டெஸ்மண்டின் முகம் இஞ்சி கேக் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனிதர் விடவில்லை. "பொய்! எல்லாம் கூட்டுச் சதி! பூட்டு இருக்கு ஐயா! டவுன்ல போய் நானே வாங்கிக் குடுத்த பித்தளைப் பூட்டு! மேவிஸ், எடு அந்தப் பூட்டை! இருபத்திரண்டு வருஷத் தேய்மானத்தை ஆபீசர் பாக்கட்டும்!"

மேவிஸ் கைப்பையைத் திறந்து பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அது கடை அட்டையிலேயே இருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் பிரியவில்லை. விலைச் சீட்டு கிழியவில்லை. இரண்டு சாவிகளும் பக்கத்திலேயே குழந்தைகள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தன.

ராலின்சன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க ஒரு நாளாவது இதைப் பூட்டினதுண்டா?"

"இல்லீங்க."

"ஆனா பூட்டினதா இவர்கிட்ட சொன்னீங்க?"

"சொன்னேன். பொய்தான். வருஷத்துக்கு ஒண்ணு. இருபத்திரண்டு வருஷத்துக்கு இருபத்திரண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அது ரொம்பக் குறைச்சல்ங்க. வேணும்னா இங்க இருக்கிற பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க."

ஹாலில் இருந்த பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் புருஷன்மார்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் மேவிஸ்? ஏன் இப்படிப் பண்ணினே?" என்றார் டெஸ்மண்ட்.

"அன்னிக்கு ஒரு நாள்தான் ஊரே நம்ம வீட்டுக்கு வருது. அன்னிக்குப் போய்க் கதவை மூடச் சொன்னா? மாட்டேன். அப்பவும் மாட்டேன், இப்பவும் மாட்டேன். கோவிச்சுக்கோ."

குளிர்காலத்தில் ஆட்கள் வந்து கேட்டருகே குழி தோண்டி, 'பொது நடைபாதை' என்று பச்சைக் கம்பம் நட்டார்கள். டெஸ்மண்ட் மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. ஜனவரி முதல் தேதி ஊர் முங்கியது, சூப் குடித்தது, இந்தத் தடவை நுனிக்காலில் இல்லாமல் முழுப் பாதத்தையும் ஊன்றியே நடந்தது. அவர் மாடி ஜன்னலில் நின்று முறைத்தார். யாரும் அவரிடம் பூட்டியாச்சு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் தோற்றுப்போகிற ஆளா அவர்? ஏப்ரலில் மஞ்சள் பூ பூத்ததும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதையை அளந்தார். கல்லை அளந்தார். துள்ளிக் குதித்தார்.

"மேவிஸ்! பாதைதான் பொது! கல்லு பாதைக்கு ரெண்டடி தள்ளி இருக்கு! கல்லு என்னுது!"

"உன்னுதுதான். யாரு இல்லேன்னா?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதுமேல நான்தான் உக்காருவேன். இதே பனியனோட! எவன் வந்து எப்படி அழுறான்னு பாக்கறேன்!"

"மழை வந்தா?"

"நனைவேன்!"

"சரி, குடையை எடுத்துட்டுப் போ."

உட்கார்ந்தார். ஓட்டை பனியனும் அரை டிராயரும் மடியில் குடையுமாக, ஏரியைப் பார்த்து உறுமிக்கொண்டு. முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். "போங்கடா! இது என் கல்லு! இங்க அழுறதுக்கு ஒண்ணுமில்லை!" என்று கத்தினார். பத்துப் பேரும் கண் கலங்கிக் கைதட்டினார்கள். மறுநாள் இருபத்தைந்து பேர். வாரக் கடைசியில் கேட்டுக்கு வெளியே வரிசை ரோடு வரை நின்றது. இவர் திட்டத் திட்ட அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஜப்பான்காரப் பெண் பயபக்தியோடு அவர் காலடியில் ஒரு பூவை வைத்துவிட்டு, இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். டெஸ்மண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுந்து கேட்டுக்கு நடந்தார். பச்சைக் கம்பத்துக்குக் கீழே, மேவிஸின் கையெழுத்தில், புதுப் பலகை ஒன்று தொங்கியது:

'கவிஞர் வம்சத்தின் கடைசி வாரிசு. பத்து மணி முதல் ஐந்து மணி வரை. கோபம் பரம்பரை. தீனி போட வேண்டாம்.'

"மேவிஸ்! என்னடி இது பச்சைப் பொய்!"

ஜன்னலில் அவள் நூறாவது டீயை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஜனவரியில கேட்டுக்கு வேலை இல்லாமப் போச்சா, இந்த வருஷத்துப் பொய் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. நீ போய் உக்காரு டெஸ்மண்ட், அடுத்த பஸ் வந்துடுச்சு."