ஊசிக்குப் பயந்து விழுப்புரம் போன கதை

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலை. வெறும் வயித்துல ரத்தம் குடுத்து சுகர் டெஸ்ட் பண்ணிக்கணும்.

அஞ்சு நிமிஷ வேலை. திண்டிவனத்துல என் கிளினிக்குக்கு எதிர்லயே லேப் இருக்கு.

ஆனா நான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

காரணம் சொல்றேன், சிரிக்காதீங்க. பதினெட்டு வருஷமா ஊருக்கே ஊசி போடற டாக்டர் நான். அடுத்தவங்க கைன்னா சிரிச்சுக்கிட்டே குத்துவேன். என் கைன்னா ஊசி முனையைப் பார்த்ததுமே உள்ளங்கால் ஜில்லுன்னு ஆயிடும்!

திண்டிவனத்துல எனக்குக் கைராசி டாக்டர்னு பேரு. எதிர் லேப்ல நான் அலறினா மத்தியானத்துக்குள்ள மார்க்கெட் முழுக்கத் தெரிஞ்சிடும். அப்புறம் எவன் நம்பி என்கிட்ட கை நீட்டுவான்?

"இதுக்குப் போய் விழுப்புரமா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க.

"அங்க மிஷின் நல்லா இருக்காம்."

"மிஷினா, பயமா?"

மாஸ்க்கை மாட்டிக்கிட்டு கெளம்பிட்டேன்.

விழுப்புரம் லேப்ல நல்ல கூட்டம். கவுண்டர்ல பேரு கேட்டாங்க. "முருகன்"னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு பெஞ்சுல போய் உக்கார்ந்தேன்.

பக்கத்துல ஒரு அம்மா. திரும்பிப் பார்த்தா கெடார் கிராமத்து தனலட்சுமி! என் பேஷன்ட்!

பொண்ணைத் திண்டிவனத்துல குடுத்திருக்காங்க. பொண்ணைப் பார்க்க வர்றப்போ எல்லாம் என்கிட்டயும் காட்டிட்டுப் போவாங்க. அவங்களுக்கு சுகர் டெஸ்ட் எழுதிக் குடுத்து, "உங்க ஊருக்குப் பக்கம், விழுப்புரத்துலயே எடுத்துக்குங்க"ன்னு சொன்னதே நான்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மாஸ்க்கைக் கண்ணு வரைக்கும் ஏத்திக்கிட்டேன்.

"எந்த ஊரு நீங்க?"ன்னு ஆரம்பிச்சாங்க.

குரலை மாத்தி, "வானூர்"ன்னேன்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"வெவசாயம்."

"இன்னா பயிரு?"

"மல்லாட்டை." வேர்க்கடலையைத்தான் எங்க பக்கம் அப்பிடிச் சொல்லுவோம்.

"அட, நாங்களும் அதான் போட்டிருக்கோம்! காய் புடிச்சிருக்கா?"

"அட எங்கேம்மா... தெனமும் போய்ப் பார்க்கறேன், ஒரு காய் கூட கண்ணுக்குத் தெரியல."

என்னையே உத்துப் பார்த்தாங்க. "மண்ணுக்குள்ள காய்க்கறது எப்பிடிங்க கண்ணுக்குத் தெரியும்?"



"பாவம், சுகரு மண்டைக்கு ஏறிக்கினு இருக்கு போல"ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. "திண்டிவனத்துல எங்க டாக்டரு ஒருத்தரு இருக்காரு. அவராண்ட போங்க."

அதோட விட்டிருக்கலாம். புகழ் ஆசை யாரை விட்டுச்சு? "அவ்ளோ நல்ல டாக்டரா?"ன்னு கேட்டேன்.

"கை தங்கமான கை. வாய்தான் ஜாஸ்தி."

அதுக்குள்ள, "முருகன்! முருகன்!"னு கூப்பிட்டாங்க. மூணாவது தடவைதான் அது நான்னு உறைச்சுது.

உள்ளே ஒரு பொண்ணு என் கையில ரப்பரைக் கட்டினா. பஞ்சு வெச்சுத் தேய்ச்சா. ஊசியை எடுத்தா.

அப்புறம் ஃபேன் மட்டும் தெரிஞ்சுது. நான் தரையில படுத்திருந்தேன். முகமெல்லாம் தண்ணி. மாஸ்க்கைக் காணோம். நேர் மேல தனலட்சுமி முகம்.

"ஐயையோ! நம்ம திண்டிவனம் டாக்டரு!"

பெஞ்சுல இருந்த மொத்தக் கூட்டமும் கதவுல வந்து நின்னுச்சு.

"டாக்டரா? முருகன்னு எழுதியிருக்கு?"ன்னு லேப் பொண்ணு முழிச்சா.

"இன்னா சார், எறும்பு கடிச்சா மாதிரிதான் இருக்கும்னு எனக்குச் சொல்லுவீங்களே!"

"ஆமாம்மா. எறும்பைப் பார்த்தா எனக்குப் பயம் இல்லம்மா."

தனலட்சுமி சிரிக்கல. என்னைத் தூக்கி உக்கார வெச்சு, பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார்ந்து, என் இன்னொரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "என்னைப் பாருங்க. உங்களுக்கு எத்தினி புள்ளைங்க? இன்னா படிக்குதுங்க?"

ஊசி போடறப்போ பேஷன்ட்டுங்க கவனத்தைத் திருப்ப நான் போடற அதே டிராமா! தெரிஞ்சும், "பெரியவ பத்தாவது..."ன்னு ஆரம்பிச்சேன். முடிக்கறதுக்குள்ள ரத்தம் எடுத்தாச்சு.

சத்தியமா வலிக்கல. நான் எவ்வளவு பேருக்கு ஊசி போட்டிருக்கேன், ஒருத்தர் கையையாவது இப்பிடிப் புடிச்சிருக்கேனான்னு நெனைச்சப்போ வெக்கமா இருந்துச்சு. கண்ணு கூட கலங்கிடுச்சு.

ஆனா மானம் முக்கியம் இல்லையா? "அம்மா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னு கெஞ்சினேன்.

"சேச்சே! எம் பொண்ணாண்ட கூட மூச்சு வுட மாட்டேன் சார்."

சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு. சுகர் நார்மல். ஆனா ரெண்டு நாள் தூக்கம் வரல. பேரு போச்சு, கிளினிக்ல இனிமே ஈ ஓட்டணும்னு மனசு அடிச்சுக்கிச்சு.

திங்கக்கெழமை பயந்துக்கிட்டே கதவைத் தொறந்தா, எப்பவும் வர்றதை விட டபுள் கூட்டம்! எல்லாரும் என்னை ஒரு மாதிரி பரிதாபமா பார்க்கறாங்க. தனலட்சுமி பொண்ணுகிட்ட மூச்சு விட்டாச்சுன்னு புரிஞ்சுது.

முதல் ஆளு, மூட்டை தூக்கற ஏழுமலை. சாதாரண ஜலதோஷத்துக்கே, "ஊசி போடாத டாக்டரு இன்னா டாக்டரு?"ன்னு சண்டைக்கு வர்ற மனுஷன். அன்னிக்கும் லேசான காய்ச்சல்தான். சண்டை வேண்டாம்னு நானே ஊசியை எடுத்தேன்.

ஏழுமலை என் கையைப் புடிச்சுத் தடுத்தாரு.

"வேணாம் சார். நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? மாத்திரையே குடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்."

அன்னிக்கு வந்த ஒருத்தர் கூட ஊசி கேக்கல. பதினெட்டு வருஷமா, "மாத்திரையே போதும், மாத்திரையே போதும்"னு நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினதுக்குப் பதிலா, முதல் வருஷமே ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கலாம்.