பச்சைப் பாக்கெட் வைத்த மானிட்டர்

ஜிங்-ரூ ஸ்டோர் ரூம் தரையில் மண்டியிட்டு, பழைய மானிட்டரின் முதுகை டார்ச் அடித்துப் பார்த்தாள். அங்கே இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று வெள்ளை: இருபத்துநாலு துளை, பக்கத்தில் ஒரு தட்டைப் பிளவு. மற்றது நீலம்: பதினைந்து துளை. அவளுடைய லேப்டாப்பின் விலாவில் இருந்ததோ ஒரே ஓட்டை. அதில் சுண்டுவிரல் நகம்கூட முழுசாக நுழையாது.

"மாட்டியாச்சா?" என்று வாசலில் நின்றே கேட்டார் லியாவ் மேனேஜர்.

"அடாப்டர் வேணும் சார்."

"வாங்கிட்டு வா. ரெண்டரைக்கு சுவாங் அம்மா வந்துடுவாங்க. தைனான்லேர்ந்து வர்றாங்க."

சுவாங் அம்மா நூடுல்ஸ் தொழிற்சாலை முதலாளி. அவருக்கு நாற்பது எடை இயந்திரங்கள் வேண்டும். இயந்திரம் எடை போடும் துல்லியத்தை வரைபடமாகக் காட்ட வேண்டியது ஜிங்-ரூவின் பொறுப்பு. அவள் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்ற படிவம் மேனேஜர் மேசையில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அவர் அதில் முத்திரை குத்தியாக வேண்டும்.

கூட்ட அறையின் பெரிய டிவி அன்று காலையில்தான் செத்துப்போயிருந்தது. காரணம் சக ஊழியன் போ-ஹான் என்பதில் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓட அதன் மேல் சோளப் பொரியின் பச்சைப் பாக்கெட் வைப்பது அந்த ஊர் வழக்கம். கடையில் பச்சைப் பாக்கெட் இல்லையென்று, டிவி மேல் வைக்க மஞ்சள் பாக்கெட் வாங்கி வந்தவன் அவன்.

"ரெண்டும் சோளப் பொரிதானே! ருசிதானே வேற!" என்றான் போ-ஹான்.

"பச்சைன்னா ஓடுன்னு அர்த்தம். மஞ்சள்னா? சிக்னல்ல நின்னதே இல்லையா நீ?" என்றார் மேனேஜர்.

ஆகவேதான் ஸ்டோர் ரூம் மூலையிலிருந்த பழைய மானிட்டருக்கு அழைப்பு வந்தது. அதன் மேல் ஒரு பச்சைப் பாக்கெட் இருந்தது. எப்போதும் இருந்தது. ஒரு நாளும் தேதி தாண்டியதில்லை. அதை யார் மாற்றுகிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"நான் வந்து ஏழு வருஷமாச்சு. எப்பப் பாத்தாலும் புதுப் பாக்கெட். யாரோ ஒரு புண்ணியவான் சத்தமில்லாம மாத்திட்டுப் போறான். அதான் இந்த மானிட்டர் ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை," என்றார் மேனேஜர்.

ஜிங்-ரூ மானிட்டரைக் கூட்ட அறை மேசைக்குத் தூக்கி வந்தபோது மேலேயே பாக்கெட்டும் வந்தது. மேசையில் வைக்கும்போது அது வழுக்கியது. விழாமலிருக்க முழங்கையால் அமுக்கிப் பிடித்தாள்.

படார்.

தேங்காய்ப்பால் வாசனை அறை முழுக்கப் பரவியது.

மேனேஜர் ஓடி வந்தார். "வெடிச்சுட்டியா?"

"பிடிக்கத்தான் சார் போனேன்..."

"ஏழு வருஷம் நான் அதுக்குப் பக்கத்துல தும்மினதுகூட இல்லை. சரி, இன்னொரு பாக்கெட் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதே. வெறுந்தலையோட ஆன் பண்ணினா அவ்வளவுதான்."

"ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டா, வேலை செய்யுதான்னு—"

"செய்யும். நீ அடாப்டரைப் பாரு."

ஜிங்-ரூ இயற்பியல் படித்தவள். சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்று நான்கு வருடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சத்தமாகப் பேசச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் மெட்ரோ பிடித்துக் கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போனாள்.

கடைக்காரர் மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே ஆரம்பித்திருந்தார்.

"வெள்ளை வாய். இருபத்துநாலு துளை," என்றாள்.

அவர் வாயில் பன்றிக்கறியோடு, பார்க்காமலே இழுப்பறையில் கை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்துக்கு வந்து பொருத்தினால் நுழையவில்லை. தட்டைக் கம்பியைச் சுற்றி நான்கு ஊசிகள் அதிகமாக இருந்தன. மானிட்டரில் அவற்றுக்குத் துளை இல்லை.

"நாலுதானே? பிடுங்கிடலாம்," என்று குறடோடு வந்தான் போ-ஹான். காலையில் நடந்ததற்குப் பரிகாரம் தேடும் முகம்.

"வேண்டாம், மாத்திக்கலாம்..."

அவன் பிடுங்கினான். ஐந்து ஊசிகள் மேசையில் கிடந்தன.

"ஒண்ணு கூட வந்துடுச்சு," என்றான்.

ஜிங்-ரூ மறுபடி மெட்ரோ பிடித்தாள். வெள்ளை வாயை நம்ப இப்போது அவளுக்குத் தைரியமில்லை. "நீல வாய். பதினைந்து துளை," என்றாள். கடைக்காரர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தார். இந்த முறை அது அழகாகப் பொருந்தியது. நிம்மதியாகத் திருகாணியை முடுக்கும்போதுதான் அடாப்டர் மேலிருந்த சின்ன அம்புக்குறியைப் பார்த்தாள். அம்பு எதிர்ப்பக்கம் காட்டியது.

"என்ன அர்த்தம்?" என்றான் போ-ஹான்.

"பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து புது டிவிக்குப் படம் கொண்டுபோற அடாப்டர் இது. நமக்கு நேர்மாறு வேணும்."

"திருப்பி மாட்டினா?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை போனபோது கடைக்காரரே ஸ்டூல் எடுத்துப் போட்டார். "உக்காரும்மா. இப்ப போனைக் குடு, படத்தைப் பாக்கறேன்." பார்த்தார். "இதையா மாட்டப் போறே? இதை நான் வித்தப்ப எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு." அவர் சரியான அடாப்டர்கள் இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். அவளுக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. தலையை மட்டும் குனிந்து வணங்கினாள்.

வரும் வழியில் நான்கு கடைகளில் பச்சைப் பாக்கெட் கேட்டாள். எங்கும் மஞ்சள்தான் இருந்தது. பக்கத்து வங்கியில் புது சர்வர் போட்டிருக்கிறார்களாம், பச்சையை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.

இரண்டு இருபது. சிந்திய பொரியைப் பொறுக்கிப் பழைய பாக்கெட்டிலேயே போட்டு, வாயைச் செல்லோடேப்பால் ஒட்டி மானிட்டர் தலையில் வைத்தாள்.

"சொட்டையா இருக்கே," என்றார் மேனேஜர். "பாதியைக் காணோம்?"

போ-ஹான் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "தரையில கிடந்ததைத்தான் சார்..."

சுவாங் அம்மா இரண்டு பொறியாளர்களோடு உள்ளே வந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜிங்-ரூ மானிட்டரின் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை. ப்ளக்கை வேறு இடத்தில் குத்திப் பார்த்தாள். "சார், இது உள்ளேயே..." என்று ஆரம்பித்தாள்.

சுவாங் அம்மா மானிட்டரைப் பார்க்கவில்லை. அதன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒட்டுப் போட்டதா?"



"லேப்டாப்பிலேயே காட்டட்டுங்களா?" என்றாள் ஜிங்-ரூ.

"நீ நல்லாத்தான் காட்டுவேம்மா. ஆனா ஒட்டுப் போட்ட பாக்கெட்டுக்குக் கீழே உக்காந்து நாற்பது மெஷினுக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரலை. எங்க லைன்ல பாக்கெட் கிழிஞ்சா அன்னிக்கு லைனையே நிறுத்திடுவோம்." அவர் எழுந்துகொண்டார். "அடுத்த மாசம் பாக்கலாம், லியாவ்."

ஐந்து மணிக்கு மேனேஜர் கூட்ட அறையிலேயே உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார். எதிரில் ஜிங்-ரூ நின்றாள். நடுவில் மானிட்டர் இருந்தது.

"உன் வேலையில குறை இல்லை. அறிவு இருக்கு. ஆனா பாரு, வருஷக்கணக்கா ஒரு குறையும் இல்லாம ஓடின மெஷின். நீ கை வெச்ச அன்னிக்குப் போச்சு. மேலே நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் தன் ஷூ நுனியைப் பார்த்தாள். "ஓடிச்சான்னு யாராவது பாத்தாங்களா சார்?" என்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னதால் அது அவருக்கும் கேட்கவில்லை.

மேனேஜர் முத்திரையைச் சிவப்பு மையில் அமுக்கினார். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: வலதுபக்கம் 'நிரந்தரம்', இடதுபக்கம் 'வேண்டாம்'. அவர் கை இடதுபக்கக் கட்டத்துக்கு மேலே போய் நின்றது.

கதவு திறந்தது. துப்புரவு வேலை செய்யும் சியூ அக்கா, ஈரத் துடைப்பமும் வாளியுமாக உள்ளே வந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லோரையும்விட அதிக நாள் இருப்பவர் அவர்தான். மானிட்டரைப் பார்த்ததும் வாளியை நங்கென்று கீழே வைத்தார்.

"நான் சேந்த அன்னிக்கே கருகிப்போன டப்பா இது, இதை ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்க? வேற எங்க வெச்சாலும் யாராவது தின்னுடுறீங்க, இது மேல வெச்சா பயந்துக்கிட்டு ஒருத்தனும் தொடமாட்டான்னுதானே இத்தனை வருஷமா என் சாயங்காலப் பொரியை அங்க ஒளிச்சு வெக்கிறேன், அதையும் பிரிச்சுட்டீங்களா!"